நியர் மிஸ் பதிவேட்டில் ஒன்றுமே இல்லையா? அப்போதுதான் கவலைப்பட வேண்டும்

தொழிற்சாலைகளில் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கப் போகும்போது நான் முதலில் கேட்டு வாங்கிப் பார்ப்பது நியர் மிஸ் பதிவேட்டைத்தான். மயிரிழையில் தப்பிய சம்பவங்களை எழுதும் நோட்டு அது. கிரேனிலிருந்து சுமை நழுவியது, ஆனால் கீழே ஆள் இல்லை. ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வந்தது, ஒருவர் கடைசி நொடியில் விலகினார். இப்படிப்பட்டவை. நூற்றுக்கணக்கான பேர் மூன்று ஷிப்ட்டில் வேலை செய்யும் இடத்தில் மாதக்கணக்காக 'இல்லை', 'இல்லை' என்றே எழுதியிருந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். நிர்வாகத்துக்கோ அது பெருமை. வாசலில் பலகை வைத்துக் கொண்டாடுவார்கள்.

என் கவலைக்குப் பின்னால் ஓர் ஆராய்ச்சி இருக்கிறது. 1990களில் ஏமி எட்மண்ட்சன் ஹார்வர்டில் முனைவர் பட்ட மாணவியாக இருந்தார். நோயாளிகளுக்கு மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகள் பற்றிய ஒரு பெரிய ஆய்வில் அவருக்கும் பங்கு இருந்தது. அவர் எடுத்துக்கொண்டது 2 மருத்துவமனைகளில் 8 பிரிவுகள். நல்ல தலைமையோடு ஒற்றுமையாக இயங்கும் பிரிவில் தவறு குறைவாக இருக்கும் என்றுதான் அவர் எதிர்பார்த்தார். கணக்குப் போட்டால் தலைகீழாக வந்தது. நன்றாக இயங்கிய பிரிவுகளில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இந்த எண்கள் எதுவும் தெரியாத ஓர் உதவியாளரை அந்தப் பிரிவுகளுக்கு அனுப்பினார். அவர் அங்கே இருந்து வேலை நடப்பதைக் கவனித்தார், செவிலியர்களிடம் பேசினார். சில பிரிவுகளில் தவறு நடந்தால் தலைமைச் செவிலியரிடம் தயங்காமல் போய்ச் சொன்னார்கள். வேறு சிலவற்றில் திட்டும் தண்டனையும் வருமென்று பயந்து வாயை மூடிக்கொண்டார்கள். அவர் பார்த்து வந்ததையும் தவறுகளின் கணக்கையும் பக்கத்தில் வைத்தால், எங்கே வெளிப்படையாகப் பேச முடிந்ததோ அங்கேதான் பதிவும் அதிகம். நல்ல குழுக்கள் அதிகம் தவறு செய்தன என்பதைவிட, அதிகம் சொன்னார்கள் என்பதே பொருத்தமான விளக்கம் என்ற முடிவுக்கு எட்மண்ட்சன் வந்தார். இது 1996இல் வெளியானது. 1999இல் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து, 'உளவியல் பாதுகாப்பு' என்ற கருத்தை விரிவாக எழுதினார். சந்தேகம் கேட்டாலோ தவறை ஒப்புக்கொண்டாலோ இந்தக் குழுவில் என்னை அவமானப்படுத்த மாட்டார்கள் என்ற நம்பிக்கை அது. அந்த நம்பிக்கை இருக்கும் குழுக்கள் அதிகம் கற்றுக்கொள்கின்றன, அதனால் வேலையும் நன்றாக நடக்கிறது என்று அவர் காட்டினார்.

சரி, மற்றவர்கள் ஏன் பேசுவதில்லை? 2003இல் மில்லிக்கன், மாரிசன், ஹ்யூலின் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 40 ஊழியர்களை நேர்காணல் செய்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முக்கியமான பிரச்சினை என்று தெரிந்தும் மேலதிகாரியிடம் சொல்ல முடியாமல் போன அனுபவம் ஒரு தடவையாவது உண்டு என்று 85 சதவீதம் பேர் சொன்னார்கள். வேலை போய்விடும் என்பது மட்டுமே காரணமில்லை. 'பிரச்சினை பண்ணுகிற ஆள்' என்று பேர் விழுந்துவிடும், உறவு கெட்டுவிடும், சொல்லியும் ஒன்றும் ஆகப்போவதில்லை என்பவையும் அவர்கள் சொன்ன காரணங்கள். நம் ஊர் ஷாப் ஃப்ளோரில் இன்னொன்றும் கேட்கிறேன்: "சொன்னா, சொன்னவன் தலையிலேயே கட்டிடுவாங்க சார்." எண்ணெய் கசிகிறது என்று சொன்னவரையே துடைக்கச் சொல்லி, படிவமும் அவரையே நிரப்பச் சொன்னால், அடுத்த முறை அவர் கண்ணில் கசிவு படவே படாது.

இந்தப் பயத்துக்கு சூப்பர்வைசர் கெட்டவராக இருக்கவேண்டிய அவசியம்கூட இல்லை. பலரும் முந்தைய வேலைகளிலும் வாழ்க்கையிலும் பழகிய எண்ணங்களோடு வருகிறார்கள்: நாலு பேர் முன்னால் மேலதிகாரியின் தவறைச் சுட்டக்கூடாது, அவரைத் தாண்டி மேலே போகக்கூடாது. டெட்டர்ட்டும் எட்மண்ட்சனும் 2011இல் எழுதிய ஆய்வு இதைத்தான் பேசுகிறது. ஆகவே "என் கதவு எப்போதும் திறந்திருக்கும்" என்று ஒரு மேலாளர் அறிவித்தால் போதாது. அவரே லைனுக்கு இறங்கி வந்து கேட்க வேண்டும்.

எப்படிக் கேட்கிறோம் என்பதிலும் விஷயம் இருக்கிறது. வேலை தொடங்கும் முன் நடக்கும் சின்னப் பாதுகாப்புக் கூட்டமான காலை டூல்பாக்ஸ் டாக்கில் "ஏதாவது பிரச்சினை இருக்கா?" என்றால் "இல்ல சார்" என்று கோரஸாகப் பதில் வரும். "நேற்று எந்த இடத்தில் கை வைக்கப் பயமாக இருந்தது?" என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் நின்று பாருங்கள். யாராவது ஒருவர் வாய் திறப்பார். அந்த முதல் ஆளுக்கு என்ன பதில் கிடைக்கிறது என்பதை மற்ற எல்லோரும் கவனித்துக்கொண்டிருப்பார்கள்.

பெயர் வெளியே தெரியாமல் இருக்கவும் வழி செய்யலாம். அமெரிக்காவில் விமானிகள் தவறுகளையும் ஆபத்துகளையும் தெரிவிப்பதற்காக 1976இல் தொடங்கிய ஓர் அமைப்பை நாசா நடத்துகிறது. விதிகளை அமல்படுத்தும் துறையின் கையில் அதைக் கொடுக்காமல், தண்டிக்கும் அதிகாரமே இல்லாத நாசாவிடம் கொடுத்ததுதான் அதன் பலம். படிவத்தில் விமானியின் பெயர் இருக்கும் துண்டு தனியாகப் பிரிக்கப்பட்டு அவருக்கே திரும்பிப் போய்விடும். தெரியாமல் செய்த மீறல் என்றால், 10 நாளுக்குள் அறிக்கை கொடுத்தவருக்குப் பெரும்பாலும் அபராதத்திலிருந்து விலக்கும் உண்டு. வேண்டுமென்றே செய்ததற்கும் குற்றச்செயலுக்கும் அந்தச் சலுகை இல்லை.

இந்தக் கடைசி வரி முக்கியம். "இப்படி விட்டால் ஒழுங்கே இருக்காதே" என்று பயிற்சியில் மேலாளர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. உற்பத்தி எண்ணிக்கைக்காக மெஷினின் கார்டை (கை உள்ளே போகாமல் தடுக்கும் பாதுகாப்பு மறைப்பை) கழற்றி வைப்பது வேறு, அசதியில் கை தவறுவது வேறு. முன்னதற்கு நடவடிக்கை எடுங்கள். ஆனால் கார்டைக் கழற்றச் சொன்ன அழுத்தம் எங்கிருந்து வந்தது என்றும் விசாரியுங்கள்; பல நேரம் அது மேலே இருந்துதான் வந்திருக்கும்.

நிர்வாகங்களுக்கு நான் வைக்கும் கோரிக்கை இரண்டு. விபத்தே பதிவாகாத மாதத்துக்குப் பரிசு கொடுப்பதை நிறுத்துங்கள். ஒருவர் விரலில் அடிபட்டதைச் சொன்னால் மொத்த ஷிப்ட்டுக்கும் பரிசு போய்விடும் என்ற நிலையில், கூட இருப்பவர்களே அவரைச் சொல்லவிட மாட்டார்கள். அதற்குப் பதிலாக, வந்த புகார்களில் எத்தனை சரிசெய்யப்பட்டன என்பதைப் பலகையில் போடுங்கள்.

இரண்டாவது, ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஆபத்தான வேலைகளில் பலவற்றை அவர்கள்தான் செய்கிறார்கள். ஆனால் பதிவேட்டில் அவர்கள் பெயரை நான் பார்ப்பது அபூர்வம். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவரிடம் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்த படிவத்தை நீட்டினால் அவர் என்ன எழுதுவார்? ஒடியாவிலும் இந்தியிலும் படிவம் அடியுங்கள். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலே ஏற்றுக்கொள்ளுங்கள். புகார் சொன்னவரை ஒப்பந்ததாரர் மறுநாளே வேலையிலிருந்து எடுத்துவிடக்கூடாது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வையுங்கள்.