வேப்பமரத்தடி வண்டி ஏன் நனையவில்லை?

தாம்பரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "மாசி விடியலில் வெட்டவெளியில் நிறுத்திய பைக்கின் சீட் சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது. பக்கத்தில் வேப்பமரத்தடியில் நின்ற வண்டி காய்ந்தே கிடக்கிறது. விழுகிற பனியை மரம் பிடித்துக்கொள்கிறதா?"

பனித்துளி மேலிருந்து விழுவதே இல்லை. காற்றிலுள்ள நீராவி, குளிர்ந்த பொருளின் மேல் நீராகப் படிகிறது, பள்ளியில் படித்ததுதான். ஆனால் சீட் மட்டும் ஏன் காற்றைவிட அதிகமாகக் குளிர்கிறது? எல்லாப் பொருளும் அகச்சிவப்புக் கதிராக வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். மேகமில்லாத இரவில் வானம் அதில் கொஞ்சத்தைத்தான் திருப்பித் தருகிறது. வேப்பிலைகளோ ஏறக்குறைய வாங்கிய அளவுக்கே திருப்பித் தருகின்றன. வானத்தைப் பார்த்த சீட் குளிர்ந்து நனைகிறது. இலையைப் பார்த்த சீட் தப்பிக்கிறது.

இதை லண்டன் மருத்துவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் 1814-இல் எழுதிய விதம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். இரு பக்கமும் திறந்த மண் உருளையைப் புல்லில் நிமிர்த்தி வைத்து, உள்ளே கொஞ்சம் கம்பளி நூலை வைத்தார். தலைக்கு மேல் தடுப்பே கிடையாது. மழைபோல் பனி விழுந்தால் அது முழுக்க நனைய வேண்டும். வெளியே கிடந்த கம்பளியோடு ஒப்பிட்டால் மிகக் குறைந்த ஈரமே ஏறியது! உருளையின் சுவர் வானத்தின் பெரும்பகுதியை மறைத்துவிட்டது, அவ்வளவுதான். பஞ்சும் ஒரு நல்ல தராசும் இருந்தால் நம் கிராமத்துப் பள்ளிகளிலும் செய்யலாம். அந்தத் தராசுக்காவது பணம் ஒதுக்க வேண்டும்.

'தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்பார்கள். துளைக்கிறது என்ற விளக்கத்தை விட்டுவிடுங்கள். வானத்தை முழுதாகப் பார்க்கும் மச்சு நன்றாகக் குளிரும் என்ற கவனிப்பு சரியானது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஏரிகளில் நீர் நிற்க, வானம் தெளிந்து காற்று அடங்கும் நாட்கள் இவை. தி.நகர்ச் சந்துகளில் சுவர்களே வானத்தை மறைப்பதால் பனி குறைவு.

போன ஞாயிறு வேடந்தாங்கல் போனேன். ஏரிக்குள் நத்தைக்குத்தி நாரைகளின் சத்தம். வெளியே அறுத்த வயலின் தாளில் ஒரு தட்டான், இறக்கை முழுக்கக் கண்ணாடி மணி கோத்ததுபோல் துளிகள். மெல்லிய இறக்கையில் வெப்பம் தங்காது, சீக்கிரம் குளிர்ந்துவிடும். முன்காலால் கண்ணைத் துடைத்துக்கொண்டது. சில அடி தள்ளிக் கருவேலமரத்தடியில் இன்னொன்று, ஒரு துளிகூட இல்லாமல். வெயில் ஏறியதும் நனைந்தது காய்ந்து பறந்துவிட்டது. நிழலில் இருந்தது அப்போதும் குளிரில் அசையாமல் உட்கார்ந்திருந்தது.