ஜப்பானியக் கத்தி: கூர் எங்கே இருக்கிறது?

நன்றாகப் பழுத்த தக்காளி ஒன்றைப் பலகையில் வையுங்கள். கத்தியை அதன் தோல்மேல் வைத்து, அழுத்தாமல் உங்கள் பக்கமாக மெல்ல இழுங்கள். தன் எடையிலேயே கத்தி உள்ளே இறங்கினால் கூர் இருக்கிறது. தோல் முதலில் உள்வாங்கி, அப்புறம் பொத்துக்கொண்டு, சாறும் விதையும் வழிந்தால் கூர் போய்விட்டது. கத்தியைச் சோதிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

அந்தத் தோலில் என்ன நடக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நன்றாகத் தீட்டிய கத்தியின் விளிம்பு ஏறத்தாழ ஒரு மைக்ரான் தடிமன்தான் இருக்கும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. நம் தலைமுடியே 50 முதல் 100 மைக்ரான் வரை வரும். தக்காளியை ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு அந்த விளிம்பு தொடுகிறது, அதன்மேல் வெறும் 100 கிராம் எடை இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மெல்லிய கோட்டில் விழும் அழுத்தம் நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. அதே விளிம்பு தேய்ந்து 20 மைக்ரான் ஆகிவிட்டால், அழுத்தம் இருபதில் ஒரு பங்காகிவிடும். மிச்சத்தை நம் தோள்பட்டைதான் கொடுக்க வேண்டும். மழுங்கிய கத்தியில்தான் கை வழுக்கி விரலை வெட்டிக்கொள்கிறோம் என்று சமையல்காரர்கள் சொல்வது இதனால்தான்.

மென்மையான பொருளை நேராக அழுத்தி வெட்டுவதைவிட இழுத்து வெட்டினால் குறைந்த பலமே போதும். அரிவாள்மனையில் காய் நறுக்கியவர்களின் கைக்கு இது ஏற்கெனவே தெரியும். வளைந்த அலகின்மேல் காயைத் தள்ளும்போது அது தானாகவே சறுக்கிக்கொண்டுதான் வெட்டுப்படுகிறது. ஜப்பானில் பச்சை மீனைத் துண்டுபோடும் யனகிபா கத்தி 27, 30 சென்டிமீட்டர் நீளம் இருப்பதும் இதற்காகத்தான். அறுப்பது போல முன்னும் பின்னும் போகாமல் ஒரே இழுப்பில் வெட்டு முடிய வேண்டும். அப்போதுதான் மீனின் வெட்டு முகம் கண்ணாடி மாதிரி பளபளக்கும்.

ஆனால் விளிம்பு மட்டும் மெல்லியதாக இருந்தால் போதாது. கேரட் நறுக்கும்போது சில கத்திகளில் 'படக்' என்று பிளந்து துண்டு பறக்கும், கவனித்திருப்பீர்கள். கூர் உள்ளே போய்விட்டது, அதற்குப் பின்னால் வரும் தடித்த அலகு ஆப்பு மாதிரி காயைப் பிளக்கிறது என்று அர்த்தம். ஐரோப்பியக் கத்திகளில் விளிம்பின் இரு பக்கமும் வழக்கமாகச் சுமார் 20 டிகிரிச் சாய்வு இருக்கும். ஜப்பானியக் கத்திகளில் அது 15 டிகிரி அல்லது அதற்கும் கீழே. விளிம்புக்குப் பின்னாலுள்ள அலகும் மெல்லியது. நல்ல ஜப்பானியக் கத்தியை முதல் தடவை கையில் எடுப்பவர்கள் வியக்கும் அந்தச் 'சுகம்' பாதிக்கு மேல் இந்த மெலிவிலிருந்துதான் வருகிறது.

அப்படியென்றால் எல்லாக் கத்தியையும் அப்படியே மெலித்துவிட்டால் என்ன? சாதாரண இரும்பில் அது நிற்காது. அவ்வளவு மெல்லிய விளிம்பு ஒரு வெங்காயத்தைத் தாண்டுவதற்குள் மடங்கிவிடும். மெலிய வேண்டுமென்றால் எஃகு கடினமாக இருக்க வேண்டும். அந்தக் கடினம் கார்பனிலிருந்து வருகிறது.

எஃகைச் சுமார் 800 டிகிரி செல்சியசுக்குக் காய்ச்சும்போது இரும்பு அணுக்களின் அடுக்கு மாறி, கார்பன் அணுக்கள் உள்ளே நுழைய இடம் கிடைக்கிறது. மெதுவாக ஆறவிட்டால் கார்பன் வெளியேறிவிடும். சட்டென்று தண்ணீரிலோ எண்ணெயிலோ முக்கினால் வெளியேற நேரம் இல்லாமல் உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. இரும்பின் அடுக்கு பழையபடி மாறப் பார்க்கிறது, நடுவில் கார்பன் முட்டுக்கொடுத்து நிற்கிறது. இப்படி இறுகிப்போன அமைப்புக்கு மார்ட்டென்சைட் என்று பெயர். ரொம்பக் கடினம், ஆனால் கண்ணாடி போல உடையும். அதனால் மறுபடி 150 முதல் 200 டிகிரி வரை இளஞ்சூட்டில் வைத்து அந்த இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்துவார்கள். இத்தனையும் சில பத்து டிகிரி தவறினாலும் கெட்டுப்போகும். உலையில் இரும்பின் நிறத்தைப் பார்த்தே சூட்டைக் கணிப்பதற்காகத்தான் ஜப்பானியக் கொல்லர்கள் பட்டறையை இருட்டாக வைத்திருக்கிறார்கள்.

ஜெர்மன் சமையல் கத்திகளில் பரவலாக இருக்கும் எஃகில் கார்பன் அரை சதவீத அளவு. ராக்வெல் அளவையில் கடினம் 56 முதல் 58 வரை. ஜப்பானியக் கத்திகளில் கார்பன் ஒரு சதவீதத்தை ஒட்டியோ அதைத் தாண்டியோ போகும். கடினம் 60இல் தொடங்கி 64, 65 வரை ஏறும். ஷிமானே மாவட்டத்து யசுகி ஊரின் எஃகு வகைகளுக்கு ஒரு வேடிக்கையான பெயர் உண்டு: ஷிரோகாமி, அவோகாமி. வெள்ளைக் காகிதம், நீலக் காகிதம் என்று பொருள். எஃகுக்கு அந்த நிறம் கிடையாது, கட்டின்மேல் ஒட்டிய காகிதத்தின் நிறம் அது. வெள்ளையில் இரும்பும் கார்பனும் தவிர அதிகமாக ஒன்றும் இல்லை. தீட்டுவது எளிது, கூர் மிக நுண்ணியதாக ஏறும். நீலத்தில் டங்ஸ்டனும் கொஞ்சம் குரோமியமும் சேர்வதால் கூர் இன்னும் நாள்பட நிற்கும். இரண்டும் துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத வகை வேண்டுமென்றால் வி.ஜி. 10 என்ற எஃகு பிரபலம். அதில் குரோமியம் சுமார் 15 சதவீதம்.

கடினமான எஃகு உடையும் என்பதால், அதை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் மெத்தென்ற இரும்பைப் பற்றவைத்து அடிப்பது இவர்களின் பழைய உத்தி. விளிம்பில் மட்டும் கடின எஃகு எட்டிப் பார்க்கும். அலகின்மேல் அலையலையாக டமாஸ்கஸ் கோலம் போட்ட கத்திகள் கடைகளில் நிறைய வருகின்றன. அழகுதான், ஆனால் இன்றைய கத்திகளில் பெரும்பாலும் அந்தக் கோலம் வெளிப்போர்வையில்தான் இருக்கிறது. வெட்டுவது நடுவிலுள்ள எஃகு. கோலத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம் என்பேன். அந்தப் பணத்தில் நல்ல தீட்டுக்கல் ஒன்று வாங்கலாம்.

ஒசாகாவை ஒட்டிய சகாய் நகரத்தில் இந்தத் தொழில் பிரிந்து கிடக்கும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர்கள் வழியாகப் புகையிலை ஜப்பானுக்குள் வந்தது. அதைப் பொடிப்பொடியாக நறுக்கும் கத்திகளைச் செய்து பேர் வாங்கியது இந்த ஊர். பின்னர் ஜப்பானை ஆண்ட தோக்குகாவா அரசு அந்தக் கத்திகளுக்கு முத்திரையே கொடுத்தது. அடிப்பவர் ஒருவர், தீட்டுபவர் இன்னொருவர், பிடி போடுபவர் வேறொருவர் என்ற வழக்கம் அங்கே இன்றும் இருக்கிறது. தீட்டுவதை ஒருவர் வாழ்நாள் தொழிலாகவே வைத்திருக்கிறார் என்பதை யோசித்துப் பாருங்கள். கொல்லர் தருவது கருத்த தகடுதான். அதற்குக் கூர் வருவது கல்லில்.

சரி, எதை வாங்குவது? வீட்டுக்கு ஒரே கத்தி என்றால் சான்டோக்கு. 'மூன்று நற்குணங்கள்' என்று பெயர். காய், மீன், இறைச்சி மூன்றுக்கும் ஆகும். 165 முதல் 180 மில்லிமீட்டர் நீளம் போதும். கொஞ்சம் நீளமாகப் பழகியவர்களுக்கு 210 மில்லிமீட்டர் கியூட்டோ. மெய்ஜி காலத்தில் (1868–1912) மாட்டிறைச்சி சாப்பாட்டுக்குள் வந்தபோது மேல்நாட்டுக் கத்தியைப் பார்த்துச் செய்தது அது. 'மாட்டு வாள்' என்றே பெயர் வைத்தார்கள். காய்கறி மட்டும் என்றால் செவ்வக வடிவ நகிரி அருமையானது. ஒரு பக்கம் மட்டும் சாய்வு வைத்த யனகிபா, தெபா, உசுபா வகைகளை முதல் கத்தியாக எடுக்காதீர்கள். அவை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும், பழகணும். பெரும்பாலும் வலக்கைக்காரர்களுக்கென்றே செய்தவை, இடக்கைக்காரர்கள் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். எலுமிச்சையும் தக்காளியும் தினமும் புழங்கும் அடுக்களையில், நறுக்கியதும் துடைக்கிற பழக்கம் இல்லையென்றால் கார்பன் எஃகு வேண்டாம். அரை மணி நேரத்தில் செம்புள்ளி வந்துவிடும்.

என் சான்டோக்குவை நான் கெடுத்தது பரங்கிக்காயில். பாதி இறங்கிய கத்தி சிக்கிக்கொண்டது. பழைய கத்தியில் செய்வது போலவே பிடியைப் பக்கவாட்டில் திருகினேன். 'டிக்' என்று சின்னச் சத்தம். வெளியே எடுத்துப் பார்த்தால் விளிம்பில் பிறை வடிவத்தில் ஒரு பொத்தல், அரை மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். மேலிருந்து கீழே வரும் பலத்தைத் தாங்கும் விளிம்பு, பக்கவாட்டுத் திருகலைத் தாங்காது. 2020இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் சவரக் கத்தியை மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, எஃகைவிடப் பல மடங்கு மென்மையான முடியே விளிம்பைப் பொத்தலாக்குவதைக் கண்டார்கள். முடி சாய்ந்து, விளிம்பைப் பக்கவாட்டில் தள்ளும் இடத்தில்தான், அதுவும் எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடத்தில்தான் அது நடந்தது. அதனால் எலும்பு, தேங்காய் ஓடு, உறைந்த இறைச்சி எதையும் இந்தக் கத்தியிடம் கொடுக்காதீர்கள். கண்ணாடி, கிரானைட் பலகை கூடாது, மரப்பலகை நல்லது. நறுக்கியதை வழித்து எடுக்க விளிம்பைப் பயன்படுத்தாமல் கத்தியைத் திருப்பி முதுகால் வழியுங்கள். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடவே கூடாது.

அந்தப் பொத்தலோடு நான் செய்த இரண்டாவது தப்பு, மின்சாரச் சாணை வைத்திருந்த ஒரு கடையில் கொடுத்தது. பொறி பறக்க இரண்டே நிமிடத்தில் தீட்டிக் கொடுத்தார்கள். விளிம்பு ஓரத்தில் ஓரிடம் நீலம் பாரித்திருந்தது. எஃகு நீலமாக மாறச் சுமார் 300 டிகிரி சூடு வேண்டும். கொல்லர் 150, 200 டிகிரியில் நிறுத்தி வைத்த பதம் அந்த இடத்தில் கலைந்துவிட்டது. அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் அந்தத் துண்டு மட்டும் இரண்டு நாளில் மழுங்கிப்போனது.

எனவே, தண்ணீர் விட்டுக் கையால் தீட்டும் தண்ணீர்க்கல். 1000ஆம் எண் கல் ஒன்று இருந்தால் வீட்டுக்குப் போதும். பொத்தல் விழுந்தால் 400, மெருகுக்கு 3000 அல்லது 6000. எண் கூடக்கூடத் துகள் பொடியாகும். 1000இல் துகள் பத்துப் பதினைந்து மைக்ரான் அளவு. தண்ணீர் சூடேறவிடாது, தேய்ந்த எஃகையும் அப்புறப்படுத்தும். தீட்டத் தீட்டக் கல்மேல் சேறு போல ஒன்று ஊறும், அதைக் கழுவிவிடாதீர்கள். அதிலுள்ள துகள்களும் வேலை செய்கின்றன.

15 டிகிரியைக் கையால் எப்படிப் பிடிப்பது? அலகு 45 மில்லிமீட்டர் அகலம் என்றால், கத்தியின் முதுகு கல்லிலிருந்து 12 மில்லிமீட்டர் உயர்ந்திருக்க வேண்டும், சுண்டுவிரல் தடிமன் அளவு. சரியாக வருகிறதா என்று பார்க்க, விளிம்புச் சாய்வில் மார்க்கர் பேனாவால் கறுப்பு பூசி நான்கு தேய்ப்புத் தேயுங்கள். மை முழுதும் அழிந்தால் கோணம் சரி. மேல்பக்கம் மட்டும் அழிந்தால் கத்தி படுத்துவிட்டது, விளிம்பில் மட்டும் அழிந்தால் ரொம்பத் தூக்கிவிட்டீர்கள். இந்த மை வித்தையை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் பல மாதங்கள் மிச்சமாகியிருக்கும்.

இனிமேல்தான் முக்கியமானது. ஒரு பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே போனால், எஃகு விளிம்பைத் தாண்டி மறுபக்கம் மெல்லிய பிசிறாக மடிந்து நிற்கும். ஜப்பானியர்கள் அதைக் கயேரி என்பார்கள். கண்ணுக்குத் தெரியாது. கட்டைவிரலை முதுகிலிருந்து விளிம்பை நோக்கி, விளிம்புக்கு வெளியே போகும்படி மெல்லத் தடவினால் சொரசொரவென்று மாட்டும். விளிம்பின் நீளவாக்கில் ஒருபோதும் விரலை ஓட்டாதீர்கள். அடிமுதல் நுனிவரை பிசிறு தட்டுப்பட்டால் அந்தப் பக்கம் முழுக்க விளிம்புவரை தீட்டியாகிவிட்டது என்று அர்த்தம். எத்தனை தடவை தேய்க்க வேண்டும் என்று எண்ணத் தேவையில்லை, பிசிறே சொல்லிவிடும். திருப்பிப் போட்டு மறுபக்கமும் பிசிறு வரும்வரை தேயுங்கள். அப்புறம் பக்கத்துக்கு ஐந்து, மூன்று, ஒன்று என்று அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே மாறிமாறித் தேய்த்தால் பிசிறு உதிரும். அதை உதிர்க்காமல் விட்டால் கத்தி அன்றைக்குக் கூராகத் தெரியும், மறுநாள் பிசிறு மடங்கி மழுங்கிவிடும். 'நன்றாகத்தான் தீட்டினேன், கூர் நிற்கவில்லை' என்பவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

மேல்நாட்டுக் கத்திகளோடு வரும் இரும்புக் கம்பியை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். மெத்தென்ற எஃகின் மடங்கிய விளிம்பை நிமிர்த்தத்தான் அது. கடின எஃகில் விளிம்பு மடங்குவதைவிடப் பொரிந்து உதிர்வதுதான் அதிகம். கல்லும் நடுவில் குழியும். பென்சிலால் கட்டம் போட்டு, தட்டையான கண்ணாடிமேல் உப்புத்தாளை வைத்துக் கோடுகள் எல்லாம் மறையும்வரை தேய்த்துச் சமன் செய்யுங்கள்.

என் கத்தியின் பொத்தலும் நீலம் பாரித்த இடமும் போக, 400ஆம் கல்லில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. அலகு இரண்டு மில்லிமீட்டர் குறைந்துவிட்டது. கடைசியில் 1000இல் முடித்து, பிசிறு உதிர்த்து, செய்தித்தாள் ஒன்றை ஒரு கையில் தொங்கவிட்டு வெட்டிப் பார்த்தேன். அடியிலிருந்து முக்கால்வாசி சத்தமில்லாமல் போனது, நுனிக்கு இரண்டு விரற்கடை முன்னால் காகிதம் கிழிந்தது. அங்கே பிசிறு மிச்சம் இருந்தது. அந்த இரண்டு விரற்கடையை மட்டும் மறுபடி கல்லுக்குக் கொண்டுபோய், பக்கத்துக்கு மூன்று முறை, எடையே கொடுக்காமல் தேய்த்தேன். அடுத்த தாள் நுனிவரை ஒரே கோடாக இறங்கியது.