வீடு கட்டுறீங்களா? மழைத்தண்ணிக்கு விதி என்ன சொல்லுதுன்னு ஒரு தடவ பாத்துக்கோங்க (வட சென்னைக்காரங்களுக்கு)

மாதவரம், கொளத்தூர், கொடுங்கையூர், மணலின்னு எந்தப் பக்கம் போனாலும் தெருவுக்கு ஒரு வீடாவது கட்டிட்டு இருக்காங்க. பிளான் அப்ரூவல்னு வந்தா எல்லாரும் எஃப்எஸ்ஐ (மனை அளவுக்கு எத்தனை மடங்கு கட்டலாம்ங்கிற கணக்கு) எவ்ளோ, செட்பேக் (வீட்ட சுத்தி விடுற காலி இடம்) எவ்ளோ விடணும், கார் பார்க்கிங் எத்தனைன்னு தான் கேக்குறாங்க, மனையில விழுற மழைக்கு என்ன ஏற்பாடு பண்ணணும்னு கேக்குறவங்கள நான் பாத்ததே கம்மி. ஆனா அதுவும் அதே பிளான்ல வர்ற கட்டாயம் தான்.

விதியோட அடிப்படை ஒண்ணே ஒண்ணு தான். உங்க மனையில விழுற தண்ணி மொதல்ல உங்க மனைக்குள்ளயே இறங்கணும், இல்லனா சேமிக்கணும், மிச்சம் தான் தெருவுக்குப் போகலாம். தமிழ்நாட்டுல 2003ல அவசரச் சட்டம் போட்டு பழைய வீடு, புது வீடு, அரசாங்க கட்டடம்னு எல்லாத்துக்கும் மழைநீர் சேகரிப்ப கட்டாயம் ஆக்குனாங்க. இப்ப 2019ல வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் தான் நடைமுறையில இருக்கு, அதுலயும் இது இருக்கு. 2024 ஜூலைல இருந்து 2500 சதுர அடி வரைக்கும் உள்ள மனையில 3500 சதுர அடிக்குள்ள வீடு கட்டுனா சுயசான்று மூலமா ஆன்லைன்லயே உடனே அனுமதி வாங்கிக்கலாம்ல, அதுல ஆபீஸ் அலைச்சல் தான் குறையும், மழைநீர் சேகரிப்புக்கு விலக்கு கிடையாது.

எவ்ளோ தண்ணின்னு ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் மழை பெஞ்சா ஒரு லிட்டர். ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி, அதாவது 223 சதுர மீட்டர், அதுல ஒரே நாள்ல 10 சென்டிமீட்டர் பெஞ்சா 22,300 லிட்டர். 9000 லிட்டர் லாரின்னா ரெண்டரை லாரி தண்ணி, ஒரு மனையில இருந்து மட்டும். தெருவுல 40 வீடு இருந்து அத்தனை பேரும் பைப்ப தெரு பக்கம் திருப்பி விட்டா எந்த வடிகாலு தாங்கும் சொல்லுங்க.

சின்ன வீட்டுக்கு, அதாவது தரைதளம் இல்லனா அதுக்கு மேல ஒரு மாடி, 2019க்கு முன்னாடி இருந்த சென்னை வளர்ச்சி விதிகள்ல அளவோட சொல்லியிருந்தாங்க. 30 சென்டிமீட்டர் விட்டம், 3 மீட்டர் ஆழத்துல குழி, அதுல 2.85 மீட்டருக்கு உடைச்ச செங்கல் இல்லனா கூழாங்கல், மேல 15 சென்டிமீட்டர் மணல், அதுக்கு மேல ஓட்டை போட்ட கான்கிரீட் மூடி. வீட்ட சுத்தி 3 மீட்டருக்கு ஒண்ணுன்னு போடணும். மாடித் தண்ணிய பைப்ல கொண்டு வந்து இதுல விடணும். பழைய கிணறு இருந்தா ஒரு ஃபில்டர் தொட்டி வழியா கிணத்துலயே விடலாம். இன்னொண்ணு யாருமே கண்டுக்காதது, கேட் வாசல்ல 7.5 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு குட்டிச் சுவரு, மூணு இன்ச்சு தான், வாசல் தண்ணி தெருவுக்கு ஓடாம நிக்கறதுக்கு. வண்டி ஏத்த இடைஞ்சலா இருக்குன்னு மொதல்ல இடிக்கிறது இதத் தான்.

எங்க வீட்டுல நடந்தத சொல்றேன். கட்டித் தந்த பில்டர் வீட்ட சுத்தி நாலு குழி போட்டாச்சுன்னு சொன்னாரு, மேல மூடி அழகா இருந்துச்சு, நாங்களும் நம்பிட்டோம். ரெண்டாவது மழையிலயே பின்பக்கம் கணுக்கால் அளவு தண்ணி. கடப்பாரைய வச்சு மூடிய நெம்பிப் பாத்தா ரெண்டடி கூட ஆழம் இல்ல, செங்கல் இருக்க வேண்டிய இடத்துல சிமெண்ட் கட்டியும் கிழிஞ்ச சாக்கும் கெடக்கு. ஒரு குழிக்கு பைப்பே வரல. அதனால சொல்றேன், மூடி போடுறதுக்கு முன்னாடி நீங்களே ஒரு நீளமான கம்பிய விட்டு ஆழம் பாருங்க, நாலு குடம் தண்ணிய ஊத்தி எவ்ளோ நேரத்துல இறங்குதுன்னு பாருங்க.

மண்ணையும் பாக்கணும். திருவொத்தியூர், எர்ணாவூர் மாதிரி கடலோரம் மணல், தண்ணி சட்டுனு இறங்கும், ஆனா நல்ல மழைக்காலத்துல நிலத்தடி தண்ணியே மேல வந்துரும், அப்ப குழியால பெரிய பிரயோஜனம் இல்ல, மாடித் தண்ணிய ஃபில்டர் பண்ணி சம்புல சேத்துக்கிறது நல்லது. உள்ள வர வர களிமண்ணு வரும், அங்க 3 மீட்டர் குழி வெறும் தொட்டி மாதிரி தேங்கி நிக்கும், ரீசார்ஜ் கிணறு (மழைத்தண்ணிய நிலத்துக்குள்ள இறக்குற கிணறு) எடுத்து அதுக்குள்ள களிமண்ணத் தாண்டி மணல் தட்டுற வரைக்கும் போர் எறக்குனா தான் தண்ணி போகும். செலவு கூட தான், ஆனா மீஞ்சூர் பக்கம் நிலத்தடி தண்ணிய உறிஞ்சி உறிஞ்சி கடல் தண்ணி உள்ள வந்த கதை நமக்குத் தெரியும், நல்ல தண்ணி கீழ இறங்கறது நம்ம போருக்குத் தான் நல்லது.

மனை வாங்குறவங்களுக்கு: ஏரி, கால்வாய், ஓடை ஒட்டுன இடம், தாழ்வான இடம்னா நீர்வளத்துறைகிட்ட வெள்ள பாதிப்பு பத்தி தடையில்லா சான்று கேப்பாங்க. தரைய எந்த மட்டத்துக்கு உசத்தணும், வாய்க்கால் குறுக்க வந்தா என்ன பண்ணணும்னு அதுலயே எழுதியிருக்கும். ரெட்டேரி, மாதவரம் ஏரி, கொசஸ்தலை ஆத்தோரம் மணலி புதுநகர் பக்கம் வாங்குறவங்க எஃப்எம்பி ஸ்கெட்ச்சும் (நில அளவை வரைபடம்) அ பதிவேடும் (சர்வே நம்பர் வாரியா நில விவரம் இருக்கிற வருவாய்த்துறை பதிவேடு) எடுத்து வாய்க்கால் புறம்போக்கு எங்க ஓடுதுன்னு பாக்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க. சவுடு மண் அடிச்சு மூணடி மேடாக்கிட்டா நம்ம வீடு தப்பிச்சிரும், ஆனா பக்கத்து வீட்டு அக்கா வாசல்ல தண்ணி நிக்கும், அதனால உசத்துறவங்க காம்பவுண்டு ஓரமா தண்ணி வழியும் சேத்து பிளான்ல போடணும்னு தான் நான் சொல்லுவேன்.

லேஅவுட் போடுறவங்களுக்கு வேற கணக்கு. ரோடு, மழைநீர் வடிகால், சிறுபாலம் எல்லாம் போட்டு ரோட்ட உள்ளாட்சிக்கு தானமா எழுதிக் குடுக்கணும். இடம் 3000 சதுர மீட்டருக்கு மேல போனா ரோடு போக மிச்சத்துல 10 சதவீதம் திறந்தவெளிக்கு விடணும், 10,000 சதுர மீட்டர் வரைக்கும் அதுக்கு பதிலா பணம் கட்டலாம், அதுக்கு மேலன்னா நிலமே தான் குடுக்கணும். 20,000 சதுர மீட்டருக்கு மேல கட்டுனா சுற்றுச்சூழல் அனுமதியும் வேணும், மழைத்தண்ணிக்கு திட்டம் அதுலயும் கேப்பாங்க.

கட்டும்போது ஜல்லி, மணல வடிகால் வாய் மேல கொட்டாதீங்க. நம்ம பக்கம் ஆசிய வளர்ச்சி வங்கி 2021ல ஒப்புதல் குடுத்த 25.1 கோடி டாலர் கடன்ல கொசஸ்தலையாறு வடிநிலத்துக்கு வடிகால் போடுற வேலை எடுத்தாங்க, அவ்ளோ பணம் போட்ட கால்வாய ஒரு லோடு எம்-சாண்ட் அடைச்சிரும். இடிபாடுகள வாங்கி பிரிச்செடுக்க கொடுங்கையூர்லயே மாநகராட்சி இடம் இருக்கு.

கடைசியா, சாக்கடை பைப்ப மழைநீர் வடிகால்ல குடுக்கவே கூடாது, கண்டுபிடிச்சா துண்டிச்சு அபராதம் போடுவாங்க. பாதாள சாக்கடை மெட்ரோ வாட்டர் பொறுப்பு, மழைநீர் வடிகால் மாநகராட்சி பொறுப்பு. அடைப்பு, ஆக்கிரமிப்பு, வடிகால்ல கழிவு விடுறதுன்னா 1913க்கு போன் போட்டு புகார் நம்பர் வாங்கி வச்சுக்கோங்க. ஏற்கனவே குழி இருக்கிற வீடுன்னா செப்டம்பர்லயே மூடிய தொறந்து மேல் மணல எடுத்து அலசிப் போடுங்க, சேறு படிஞ்ச மணல்ல தண்ணி இறங்காது, மொட்டமாடியையும் மொத மழைக்கு முன்னாடி ஒரு தடவ கூட்டி விட்டுருங்க.