ஃபயர் பிரிகேட்: தீயணைப்புப் படையா, துறையா?

பிரிகேட் என்றால் ராணுவப் பிரிவு என்றுதான் பலருக்கும் முதலில் தோன்றும். இத்தாலிய மொழியில் 'பிரிகா' என்பது சண்டை. அதிலிருந்து வந்த 'பிரிகாட்டா' ஒரு கூட்டத்தைக் குறித்தது. பிரெஞ்சு வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனபோது அது படைப்பிரிவாகிவிட்டது. கொள்ளைக்காரனைக் குறிக்கும் 'பிரிகண்ட்' என்ற சொல்லும் இதே குடும்பம்தான்.

சரி, நெருப்பை அணைப்பவர்களுக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது? 1666இல் லண்டன் மாநகரம் எரிந்த பிறகு அங்கே தீக் காப்பீட்டு நிறுவனங்கள் தோன்றின. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஆட்களை வைத்துக்கொண்டது. தேம்ஸ் நதியில் படகு ஓட்டியவர்களே பெரும்பாலும் அந்த வேலைக்கு வந்தார்கள். காப்பீடு எடுத்த வீட்டுச் சுவரில் நிறுவனத்தின் முத்திரைத் தகடு பதிக்கப்பட்டிருக்கும். சீருடை அணிந்து, கட்டளைக்குக் கட்டுப்பட்டு இயங்கிய அந்தக் குழுக்களுக்குப் படையின் பெயர் பொருந்திப்போனது. ஆனால் கவனியுங்கள், அவை எதுவும் நகரத்துக்குச் சொந்தமில்லை.

1824இல் எடின்பரோ நகரம் தனக்கென ஒரு தீயணைப்புக் குழுவை அமைத்து ஜேம்ஸ் பிரெய்ட்வுட்டைத் தலைவராக்கியது. 1833இல் லண்டன் காப்பீட்டு நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து ஒரே அமைப்பை உருவாக்கியபோது அவரையே அழைத்துக்கொண்டன. 1861இல் டூலி தெருக் கிடங்குகளில் பிடித்த தீயை அணைக்கும்போது சுவர் இடிந்து விழுந்து அவர் இறந்தார். அந்தத் தீயால் காப்பீட்டு நிறுவனங்களுக்கு ஏற்பட்ட இழப்பு மிகப் பெரியது. இனி இந்தச் சுமையைத் தாங்க முடியாது என்று நிறுவனங்கள் அரசிடம் சொல்லிவிட்டன. 1865இல் சட்டம் வந்தது. 1866 முதல் லண்டனில் தீயணைப்பு பொதுப் பொறுப்பானது. அமெரிக்காவில் சின்சினாட்டி நகரம் 1853லேயே சம்பளம் வாங்கும் முழுநேர ஆட்களை நியமித்திருந்தது. அங்கே பிரிகேட் நிலைக்கவில்லை, 'டிபார்ட்மெண்ட்' என்ற சொல்லே ஊன்றியது. அதாவது, நகர நிர்வாகத்தின் ஒரு பிரிவு.

இதையெல்லாம் விடப் பழையது ரோம். கி.பி. 6இல் பேரரசர் அகஸ்டஸ் அமைத்த குழுவுக்கு 'விகிலேஸ்' என்று பெயர். விழித்திருப்போர் என்று பொருள். இன்றும் இத்தாலியில் தீயணைப்போரை, அதே சொல்லிலிருந்து வந்த 'விஜிலி' சேர்த்து 'விஜிலி தெல் ஃபுவோகோ' என்றுதான் அழைக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த பெயர் இது. பகையைச் சொல்லாமல் காவலைச் சொல்கிறது.

இப்போது தமிழுக்கு வருவோம். தீ + அணைப்பு, இடையில் யகரம் வந்து தீயணைப்பு. 'தீ அணைப்பு' என்று பிரித்து எழுத வேண்டியதில்லை. இதோடு படை சேர்ந்தால் தீயணைப்புப் படை, துறை சேர்ந்தால் தீயணைப்புத் துறை. இரண்டிலும் ஒற்று மிகும், விட்டுவிடக் கூடாது.

படை, துறை என்ற இரண்டையும் ஒன்றுக்குப் பதில் ஒன்றாக எழுதுகிறோம். என் கருத்தில் இரண்டும் வேண்டும், வேறு வேறு இடத்தில். மணி அடித்ததும் வண்டியில் ஏறிப் போகிறவர்கள் படை. நிலையம் கட்டுவது, ஆள் எடுப்பது, கட்டடங்களுக்குத் தடையின்மைச் சான்று தருவது எல்லாம் துறையின் வேலை. 'தீயணைப்புத் துறை விரைந்து வந்து தீயை அணைத்தது' என்பதைவிட 'தீயணைப்புப் படையினர் விரைந்து வந்து தீயை அணைத்தனர்' என்பதே நன்றாக இருக்கிறது. சான்று கேட்டு விண்ணப்பம் எழுதும்போது துறை என்றே எழுத வேண்டும்.

பேச்சில் ஃபயர் சர்வீஸ் என்றும் சொல்கிறோம். அதற்கு நேரான தமிழ் தீயணைப்புப் பணி. அப்புறம், வெள்ளத்தில் சிக்கியவரையும் கிணற்றில் விழுந்தவரையும் தூக்கிவிடுவது இவர்கள்தான் என்பதால் தமிழ்நாட்டில் துறையின் பெயர் 'தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை' என்று நீண்டிருக்கிறது. 'மற்றும்' இல்லாமல் 'தீயணைப்பு, மீட்புப் பணித் துறை' என்று எழுதினாலும் பொருள் குறையாது.