உப்பைக் கூட்டச் சொல்லும் சிறுநீரக நோய்

சிறுநீரகத்தில் கோளாறு என்று சொன்ன அன்றே வீட்டில் உப்பு ஜாடியை ஒளித்துவைத்துவிடுவார்கள். இளநீரும் வாழைப்பழமும் கூடாது என்பார்கள். சிறுநீரகம் செயலிழந்துவரும் பலருக்கு அது பொருத்தமான பத்தியம். கிடெல்மேன் நோய் உள்ளவருக்கோ அதே பத்தியம் ஆபத்து.

1966-இல் அமெரிக்க மருத்துவர் ஹில்லெல் கிடெல்மேனும் உடன் பணியாற்றியவர்களும் விவரித்த பரம்பரை நோய் இது. சுமார் 40,000 பேரில் ஒருவருக்கு வரும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் இரத்தப் பரிசோதனைகளான யூரியா, கிரியாட்டினின் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதனால்தான் பல ஆண்டுகள் கண்ணில் படாமல் போகிறது.

சிறுநீரகம் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டி, அதிலுள்ள உப்பில் ஏறக்குறைய எல்லாவற்றையும் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. நுண்குழாயின் கடைசிப் பகுதியில் சோடியத்தையும் குளோரைடையும் சேர்த்து உள்ளே இழுக்கும் ஒரு புரதம் உண்டு. எஸ்எல்சி12ஏ3 மரபணு பழுதானால் அந்தப் புரதம் வேலை செய்யாது. பிரஷருக்குக் கொடுக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடு மாத்திரை தடுப்பதும் இதே புரதத்தைத்தான். பிறந்ததிலிருந்து அந்த மாத்திரையைத் தினமும் விழுங்குவதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். உப்போடு நீரும் வெளியேற, உடல் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைக் கூட்டுகிறது. அது சோடியத்தைப் பிடித்துவைக்கப் பார்க்கும். அதற்குப் பதிலாகப் பொட்டாசியமும் அமிலமும் சிறுநீரில் போய்விடும். மக்னீசியமும் கூடவே குறையும்.

வெளியே தெரிவதெல்லாம் சாதாரணத் தொந்தரவுகள்தான்: கெண்டைக்கால் பிடிப்பு, விரல்கள் இழுத்துக்கொள்வது, உதட்டைச் சுற்றி மரமரப்பு, ஓயாத அசதி, இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீர், குறைவான இரத்த அழுத்தம். சாதத்தைவிட ஊறுகாயை அதிகம் தின்னும் பிள்ளையை, கல்லுப்பை வாயில் போட்டுச் சப்பும் பிள்ளையைத் திட்டுவதற்கு முன் இரத்தத்தில் பொட்டாசியம் பாருங்கள். இரத்தம் எடுக்கும்போது கையை மூடி மூடித் திறக்க வேண்டாம். அளவு பொய்யாக ஏறிக் காட்டும்.

பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் இரத்தத்தில் மக்னீசியம், பைகார்பனேட், சிறுநீரில் பொட்டாசியம், குளோரைடு, கால்சியம், கூடவே இசிஜி பார்க்க வேண்டும். தொடர் வாந்தியால் பொட்டாசியம் குறைந்தவருக்குச் சிறுநீர்க் குளோரைடு பெரும்பாலும் லிட்டருக்கு 20 மில்லிமோலுக்குக் கீழே இருக்கும். கிடெல்மேனில் அதைவிட அதிகம். சிறுநீர்க் கால்சியம் மிகக் குறைவாக இருப்பது இந்த நோயின் தனி அடையாளம். நீர் பிரியும் மாத்திரை எதையாவது ரகசியமாகச் சாப்பிடுகிறாரா என்பதையும் கேட்டாக வேண்டும்; சங்கடமான கேள்விதான், ஆனால் ரிப்போர்ட் அச்சு அசலாக ஒன்றுபோல வரும். உறுதி செய்வது மரபணுப் பரிசோதனை.

சிகிச்சையில் முதல் மருந்து சமையலறையில் இருக்கிறது: நாக்கு கேட்கும் உப்பு. அடுத்து பொட்டாசியம் குளோரைடு. கடையில் கிடைக்கும் 10 சதவீத சிரப் 15 மி.லி.யில் 20 மில்லிஈக்விவலன்ட் (அதாவது 20 மில்லிமோல்) பொட்டாசியம் இருக்கும். தண்ணீரில் கலந்து, சாப்பாட்டுக்குப் பின், நாளுக்கு மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக் குடிக்க வேண்டும். மொத்த அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மெதுவாகக் கரையும் மாத்திரையைப் பொடித்துவிடாதீர்கள், வயிறு புண்ணாகும். இளநீரும் பழமும் துணைக்குத்தான்.

எவ்வளவு சிரப் குடித்தும் அளவு ஏறவில்லையா? மக்னீசியத்தைப் பாருங்கள். அது குறைந்திருக்கும்வரை பொட்டாசியம் ஒழுகிக்கொண்டேதான் இருக்கும். மக்னீசியத்தை ஒரே வேளையில் மொத்தமாகக் கொடுத்தால் பேதியாகி, இருப்பதும் போய்விடும். எல்லாரையும் 3.5-க்கு ஏற்றியே தீர வேண்டும் என்று மல்லுக்கட்டுவதும் வீண். 2017-இல் வெளியான சர்வதேசப் பரிந்துரை பொட்டாசியத்துக்கு 3.0, மக்னீசியத்துக்கு லிட்டருக்கு 0.6 மில்லிமோல் என்ற இலக்கையே வைக்கிறது. அதுவும் எட்டாதபோது பொட்டாசியம் சிறுநீரில் போவதைக் குறைக்கும் அமிலோரைடு, ஸ்பைரனோலாக்டோன் போன்ற மாத்திரைகள் உண்டு. ஆனால் அவை உப்பை மேலும் இழக்கவைக்கும், கவனம்.

வாந்தி பேதி வந்தால் காத்திருக்கக் கூடாது. மருத்துவமனையில் நரம்பு வழியாகப் பொட்டாசியம் ஏற்றும்போது குளுக்கோஸ் பாட்டிலில் கலக்கக் கூடாது: இன்சுலின் சுரந்து, இருக்கும் பொட்டாசியமும் செல்லுக்குள் போய்விடும். சலைன்தான் சரி. வயிற்றெரிச்சலுக்கு மாதக்கணக்கில் பான்டோபிரசோல் எடுத்தால் மக்னீசியம் இன்னும் இறங்கும். அசித்ரோமைசின் போன்ற, இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடிய மருந்துகளை எழுதும் முன் மருத்துவருக்கு இந்த நோய் இருப்பது தெரிய வேண்டும். நோயின் பெயரை ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்ப காலத்தில் பொட்டாசியம், மக்னீசியம் தேவை கூடும். அளவை அடிக்கடி பார்க்க வேண்டும்.

பெற்றோர் இருவரும் பழுதான மரபணுவைச் சுமந்தால், நோயின்றி இருந்தாலும், ஒவ்வொரு பிள்ளைக்கும் 25 சதவீத வாய்ப்பு. தாய்மாமன், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் மணம் முடித்த வீடுகளில் இருவரும் அதே பழுதைச் சுமக்கும் வாய்ப்பு கூடுதல். ஒரு பிள்ளைக்கு உறுதியானால், தொந்தரவு இல்லாவிட்டாலும் அண்ணன் தம்பி, அக்கா தங்கைக்கும் பொட்டாசியம், மக்னீசியம் பார்த்துவிடுங்கள்.