கூச்சமுள்ள மாணவரை முன்னால் இழுத்து நிறுத்தாதீர்கள்

பல்கலைக்கழகத்தின் முதல் பருவம் முடியும் தறுவாயில் ஆலோசனை அறைக்கு வருகிறவர்களில் ஒரு வகையினர் தாமாக வருவதில்லை. வருகைப்பதிவு குறைந்துவிட்டது என்று துறை அனுப்பிவைத்திருக்கும். படிப்பு வராதவர்கள் அல்லர். அண்மையில் வந்த மாணவி பள்ளியில் நன்றாகப் படித்தவர். ஒரே ஒரு பாடத்தின் வகுப்புக்கு மட்டும் போவதை நிறுத்திவிட்டார். முதல் வாரத்தில் அந்த ஆசிரியர், "இவ்வளவு கூச்சம் கூடாது, இங்கே வந்து ஐந்து நிமிடம் பேசு, எல்லாம் சரியாகிவிடும்" என்று எல்லார் முன்பும் நிறுத்தியிருக்கிறார். குரல் எழவில்லை. யாரோ சிரித்திருக்கிறார்கள். அவ்வளவுதான். இப்போது அந்த ஆசிரியரின் அறை இருக்கும் தாழ்வாரத்தில்கூட நடப்பதில்லை.

ஆசிரியர் கெட்டவர் இல்லை. என்னை வதைப்பதே அதுதான். இந்தத் தவற்றைச் செய்கிற எல்லாருமே நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார்கள்.

தண்ணீரில் தள்ளிவிட்டால் நீந்தக் கற்றுக்கொள்வான் என்ற எண்ணம் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் அப்படி ஊறிக் கிடக்கிறது. பயத்தை எதிர்கொண்டால் பயம் தணியும் என்பது மெய்தான். நாங்கள் தரும் சிகிச்சையே அதன்மேல்தான் நிற்கிறது. ஆனால் எதை எதிர்கொள்வது என்பதைப் பயப்படுகிறவரின் சம்மதத்தோடுதான் முடிவுசெய்கிறோம். சிறிதாகத் தொடங்குகிறோம். ஒரு முறையோடு நிறுத்துவதில்லை. பயந்தது நடக்கவில்லை, நடந்தாலும் தாங்க முடிகிறது என்று அவரே கண்டறியும்வரை அந்த இடத்தில் இருக்கச் செய்கிறோம். முன்னறிவிப்பில்லாமல் எழுப்பி நிறுத்துவதில் இவற்றில் ஒன்றாவது இருக்கிறதா? அவர் எதற்கு அஞ்சினாரோ அதுவே அங்கே நடக்கிறது. நான் பயந்தது சரிதான் என்ற முடிவோடு இடத்துக்குத் திரும்புகிறார். அந்த முடிவை மாற்றப் பிறகு பல மாதங்கள் ஆகின்றன.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கூச்சம் வேறு, தனிமை விரும்புவது வேறு. தனிமை விரும்புகிறவர் தனியாக இருந்து நிறைவடைகிறார். கூச்சமுள்ளவருக்கு மனிதர்கள் வேண்டும், நெருங்கத்தான் தயக்கம். "அவன் அப்படித்தான், விட்டுவிடுங்கள்" என்று ஒதுக்குவதும் முன்னால் தள்ளுவதைப் போலவே தவறு.

மாணவர்களே, இனி உங்களுக்கு. வட்டமாக அமர்ந்து ஒவ்வொருவரும் பெயர் சொல்லும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். உங்கள் முறை வரும்வரை உங்கள் வாக்கியத்தையே மனத்துக்குள் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறீர்கள். உங்களுக்கு முன் பேசிய ஒருவர் பெயரும் காதில் விழுவதில்லை. மறுநாள் யாரையும் பெயர் சொல்லி அழைக்க முடியவில்லை. அதனால் இன்னும் ஒதுங்குகிறீர்கள். ஒத்திகையை விடுங்கள். பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். கவனம் உங்களைவிட்டு வெளியே போனாலே பாதிப் பதற்றம் அடங்கும்.

வகுப்புக்கு ஐந்து நிமிடம் முன்னதாகப் போங்கள். அப்போது அறையில் இருப்பவர் சிலர்தான், பேச்சும் எளிது. தாமதமாக நுழைகிறவரைத்தான் எல்லாக் கண்களும் பார்க்கும். தினமும் ஒரே இடத்தில் உட்காருங்கள். கைப்பேசியைப் பையில் வையுங்கள். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் ஒளிந்துகொள்வதாக நினைக்கிறீர்கள்; பக்கத்தில் இருப்பவரோ நீங்கள் பேச விரும்பவில்லை என்று நினைக்கிறார். அறிமுகக் கூட்டங்களைவிட, கைக்கு வேலை தரும் குழுக்களில் சேருங்கள்: நாடகத்தின் திரைமறைவுப் பணி, இதழ் தயாரிப்பு, புகைப்படக் குழு. வேலை இருக்கும் இடத்தில் பேச்சைத் தேட வேண்டியதில்லை. மது அருந்தித் தைரியம் தேடாதீர்கள். அது வேறு கதையாக முடியும், எத்தனையோ பார்த்துவிட்டேன்.

முதல் மாதத்திலேயே நட்பு அமையவில்லை என்று அழுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமானவர் சாதாரண நண்பராகவே ஏறத்தாழ 50 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டியிருக்கிறது. நெருங்கிய நட்புக்கு 200 மணி நேரத்துக்கு மேல். உங்களுக்கு மட்டும் தாமதமாகவில்லை. அதே ஆண்டு எரிகா பூத்பியும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வும் ஆறுதலானது: பேசி முடித்த பின், எதிரில் இருந்தவருக்கு நம்மை எவ்வளவு பிடித்தது என்பதை நாம் குறைத்தே மதிப்பிடுகிறோம். ஒரே விடுதி அறைகளைப் பகிர்ந்த முதலாண்டு மாணவர்களிடமும் இந்தத் தப்புக்கணக்கு பல மாதங்கள் நீடித்தது. அறைக்குத் திரும்பி, "உளறிவிட்டேன்" என்று நீங்கள் எழுதும் தீர்ப்பை அப்படியே நம்பாதீர்கள்.

ஆசிரியர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். "குழுக்களை நீங்களே அமைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். கடைசியில் மிச்சமாகிறவர் யார் என்று ஒரு முறை திரும்பிப் பாருங்கள். பட்டியலை நீங்களே போடுவதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. பெற்றோரே, தொலைபேசியில் தினமும் "நண்பர்கள் கிடைத்தார்களா?" என்று விசாரிக்காதீர்கள். அது அவர்கள் காதில் தேர்வு முடிவு கேட்பதுபோல் விழுகிறது. இன்று என்ன படித்தாய், என்ன சாப்பிட்டாய் என்று கேளுங்கள்; மற்றதைத் தாமே சொல்வார்கள்.

உணவுக்கூடத்தில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று சாப்பிடாமல் இருப்பது, வாய்மொழித் தேர்வைத் தவறவிடுவது, சந்தேகம் கேட்க அஞ்சிப் பாடத்தையே கைவிடுவது, இவையெல்லாம் வெறும் கூச்சத்தின் எல்லையைத் தாண்டியவை. சமூகப் பதற்றக் கோளாறாக இருக்கலாம். பயத்தை வளர்க்கும் எண்ணங்களையும் ஒதுங்கும் பழக்கங்களையும் பேசிப் பயின்று படிப்படியாக மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் நல்ல பலன் கிடைக்கிறது. பருவம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நேரில் வரத் தயக்கமாக இருந்தால் மின்னஞ்சலில் இரண்டு வரி எழுதுங்கள். எங்களுக்கு அது போதும். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் தலைகாட்டினால் அன்றைக்கே, நேரம் பார்க்காமல், நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். அவரையும் அழைத்துக்கொண்டு மருத்துவரிடமோ எங்களிடமோ வாருங்கள்.