அலுவலகத்துப் பழைய கம்ப்யூட்டரை யாரிடம் கொடுக்க வேண்டும்?

அலுவலகத்தைப் பசுமையாக்கப் போகிறோம் என்று கிளம்பினால் முதலில் வருவது பூந்தொட்டி. அப்புறம் பிரிண்டர் மேல் 'தேவையின்றி அச்சிடாதீர்' என்று ஒரு ஸ்டிக்கர். சரி, இருக்கட்டும். ஸ்டோர் ரூமில் தூசி படிந்து கிடக்கும் பழைய மானிட்டர், லேப்டாப், தீர்ந்துபோன கார்ட்ரிட்ஜ் எல்லாம் கடைசியில் எங்கே போகின்றன? மத்திய அரசின் விதி கேட்பது அதைத்தான்.

மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், 2022 என்று பெயர். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. முந்தைய விதிகளின் பட்டியலில் 21 வகைப் பொருள்கள் இருந்தன. இப்போது நூற்றுக்கும் மேல்.

நிதியாண்டில் ஏதாவது ஒரு சமயத்தில், பட்டியலில் உள்ள பொருள்களில் 1,000 எண்ணிக்கையாவது பயன்படுத்திய நிறுவனம் 'மொத்த நுகர்வோர்' ஆகிவிடும். ஆயிரம் என்றதும் நமக்கில்லை என்று நினைத்துவிட வேண்டாம். கம்ப்யூட்டர் மட்டும் கணக்கில்லை. போன், பிரிண்டர், ஏசி, ஃபிரிட்ஜ், பாதரசம் உள்ள குழல்விளக்கு என்று எல்லாம் சேரும். நாலு மாடி அலுவலகத்தில் டியூப்லைட்டை எண்ணிப் பாருங்கள்.

மொத்த நுகர்வோருக்கு விதி சொல்வது ஒன்றுதான்: மின்னணுக் கழிவைப் பதிவு பெற்ற உற்பத்தியாளர், புதுப்பிப்பவர், மறுசுழற்சியாளர் ஆகியோரிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும். அந்தப் பதிவு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் நடக்கிறது. நடைமுறையில் பிசகுவது ஏலத்தில்தான். அதிக விலை கேட்டவருக்கே சரக்கு என்று முடித்துவிடுகிறார்கள். கூடுதல் விலை தருகிறவர் ஒயரை எரித்துச் செம்பு எடுப்பவராகவும், சர்க்யூட் போர்டை அமிலத்தில் முக்கித் தங்கம் பிரிப்பவராகவும் இருக்கலாம். அதனால் விலைப்புள்ளி கேட்கும்போதே பதிவுச் சான்றின் நகலையும் கேளுங்கள். ஒப்படைத்ததற்கு எழுத்துச் சான்றும் வாங்கி வையுங்கள். அனுப்புமுன் ஹார்ட் டிஸ்க்கைத் திரும்ப எடுக்க முடியாதபடி அழித்துவிடுங்கள். இது விதிக்காக அல்ல, உங்கள் வாடிக்கையாளர்களின் விவரங்களுக்காக.

யூபிஎஸ் பேட்டரியை இதே மூட்டையில் போடக்கூடாது. அதற்குத் தனியாகப் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், 2022 உண்டு. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான எம்எஸ்எம்இ சட்டப்படி உங்களுடையது குறு நிறுவனம் என்றால் மின்னணுக் கழிவு விதிகளே பொருந்தாது. அதற்காக மானிட்டரைக் குப்பைத்தொட்டியில் போட்டால், உள்ளே இருக்கும் ஈயம் விலக்கு எதையும் பார்ப்பதில்லை.

தமிழ்நாட்டில் இருக்கும் அலுவலகம் என்றால் இன்னொன்று. பிளாஸ்டிக் டம்ளருக்குப் பதிலாகப் பேப்பர் கப் வாங்கினோம் என்று சந்தோஷப்பட வேண்டாம். உள்ளே பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் மாநில அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த பட்டியலில் உண்டு. ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர் போதும்.